பெட்டிக்குள்ளே பெரியப்பா

ஒரு படம் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் அதைப் பற்றிப் பேசலாம் என்பது, பேராசிரியர் ஆன்ஸ்லின் ஓய்வுபெற்ற பிறகு கண்டுபிடித்த உண்மை. நல்ல படத்தில் பேச என்ன இருக்கிறது? பார்த்தால் புரிந்து தொலைக்கும். மோசமான படம் அப்படியல்ல. அதில் புரியாததெல்லாம் ஆழம், தவறெல்லாம் துணிச்சல், காசில்லாமல் விட்டதெல்லாம் அழகியல்.

குழித்துறையில் ஒரு வாடகை மண்டபத்தின் மாடி. மறுகண் திரைப்படக் கழகத்தின் ஐம்பதாவது திரையிடல். சனிக்கிழமை மூன்று மணி வெயிலை வெளியே நிறுத்த சன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணி எட்டாத ஒரு சன்னலில் யாருடைய மழைக்கோட்டோ தொங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் இருபத்தெட்டு பேர் சிரிப்பதற்கு வந்தவர்கள். மற்ற இரண்டு பேர் எட்சனும் அவன் அம்மா ஜெபகனியும்.

"இது வெறும் பேய்ப்படம் அல்ல," என்றார் ஆன்ஸ்லின், பேசத் தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில். "விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி எறியப்பட்ட ஒரு கேலிச்சிரிப்பு. இதில் வரும் பேய் கையில் கடிகாரம் கட்டியிருக்கிறது. ஏன்? மரணமும் காலத்துக்குள் அடைபட்டதுதான் என்று இயக்குநர் நம்மிடம் சொல்கிறார். ஐயா, அந்தக் குறியீட்டைப் பற்றி நீங்களே இரண்டு வார்த்தை."

மேடையில் பொன்னாடைக்குள் உட்கார்ந்திருந்த இயக்குநர் யேசுரத்தினத்துக்கு எண்பத்தொரு வயது. ஒலிபெருக்கியை வாங்கி ஊதிப் பார்த்தார்.

"அவன் கழத்த மாட்டேன்னுட்டான் சார். செட்டுல ஏற்கெனவே ரெண்டு வாச்சு களவு போயிருந்து."

சபை சிரித்தது. "பாருங்கள், என்ன ஒரு அடக்கம்!" என்று சொல்லி ஆன்ஸ்லின் ஒலிபெருக்கியை விரைவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஜெபகனி மகன் பக்கம் சாய்ந்தாள். "இந்த ஆளு எப்பம் நிறுத்துவாரு மக்களே? நம்ம சபை ஐயருக்க பிரசங்கமே இதுக்குள்ள முடிஞ்சிருக்குமே."

"இப்பம் முடிச்சிருவாரு. நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு அது பாட்டுக்கு வலிக்கும். படத்த போடச் சொல்லு."

அந்த வருடம் அவள் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள். இதய வால்வு தேய்ந்துவிட்டது, இந்த வயதில் திறக்க முடியாது, மாத்திரை கொடுத்துச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரையை எட்சன் வாங்கினான். சந்தோஷம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு, வராத மின்சாரத்துக்குக் காரணம் எழுதத் தெரியுமே தவிர வேறு பெரிய திறமை கிடையாது.

ஜெபகனிக்குச் சாவதில் பயம் இல்லை. செத்த பிறகு நடக்கப்போவதில்தான் பயம்.

"அங்க போயி அவர எப்படிக் கண்டுபிடிப்பேன்? எனக்கு மொகம் ஓர்மயே இல்லியே மக்களே," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதாள். முதலில் மருந்து மயக்கம் என்று நினைத்தான். மயக்கம் தெளிந்த பிறகும் அதையேதான் சொன்னாள். முப்பது வருடமாகவே முகம் இல்லை என்றாள். நடை ஞாபகம் இருக்கிறது, வியர்வை நாற்றம் ஞாபகம் இருக்கிறது, சாப்பிட்டு எழுந்தால் இடது கையை ஊன்றி எழுவார் என்பது ஞாபகம் இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சபைப் போதகர் வந்து, பரலோகத்தில் புருஷன் பெண்டாட்டி என்ற உறவெல்லாம் கிடையாது, எல்லாரும் சமம், அதனால் தேட வேண்டிய அவசியமே வராது என்று ஆறுதல் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்று இராச் சாப்பாட்டை ஜெபகனி தொடவில்லை.

அவள் புருஷன் ஞானாபரணத்தின் முகம் ஏன் எங்குமே இல்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், ஆள் உயிரோடு நடமாடும்போது படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது. செத்த பிறகு உடனே தோன்றும். வெள்ளை உடுத்தி, கைக்கும் காலுக்கும் உறை மாட்டி, பெட்டியில் கிடத்தி, முகம் தெரிவதற்காகத் தலைப்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துவார்கள். சொந்தபந்தம் சுற்றி நிற்கும். ஸ்டூடியோக்காரர் ஸ்டூலில் ஏறி, "எல்லாரும் இங்க பாருங்க," என்பார். அழுதுகொண்டிருப்பவர்கள் அழுகையை நிறுத்திக் கேமராவைப் பார்ப்பார்கள். படம் எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிறகு அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறையில் தொங்கும். பெண்பார்க்க வருகிறவர்கள்கூட அதன் கீழேதான் உட்கார்ந்து பழம் தின்பார்கள்.

எண்பத்துநாலில் ஞானாபரணம் அயனி மரத்தில் கிளை வெட்ட ஏறி விழுந்து செத்தபோது, அரை மைல் தள்ளி ஒரு பாழடைந்த பங்களாவில் யேசுரத்தினம் 'பெட்டிக்குள்ளே பெரியப்பா' எடுத்துக்கொண்டிருந்தார். செங்கல் சூளையை விற்று எடுத்த படம். சூளை தீர்ந்துவிட்டது, படம் பாதிதான் முடிந்திருந்தது. கதைப்படி ஒரு பெரிய அடக்கக் காட்சி வேண்டும். ஆள் கூட்டக் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து, கூட்டம் பெட்டி போதகர் எல்லாவற்றோடும் ஒரு அடக்கத்தைக் கர்த்தர் அனுப்பினார்.

யேசுரத்தினம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக்கு வந்தார். சும்மா ஒரு ஓரமாக நின்று எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஞானாபரணத்துக்கு, ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற ஒரு மனுஷனுக்கு, சினிமாக் கேமரா வந்திருக்கிறது! வீடே ஒரு கணம் துக்கத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது. வழக்கப்படி வரச் சொல்லியிருந்த ஸ்டூடியோ செல்வன் கேமராப் பையோடு முற்றத்தில் நின்றிருந்தான். முப்பத்தொரு வயதும் ஏழு மாத வயிறுமாகப் பெட்டியின் மேல் விழுந்து கிடந்த ஜெபகனிதான் தலை தூக்கிச் சொன்னாள். "சினிமாக் கேமராவே வந்து எடுக்கியாவ. பின்ன அந்த ஸ்டூடியோக்காரன் எதுக்கு? போகச் சொல்லுங்க."

செல்வனுக்குக் கட்டன்சாயா கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு வாரத்தில் படம் தருகிறோம் என்று சொன்ன யேசுரத்தினம் ஒரு மாதத்தில் கடன்காரர்களுக்குப் பயந்து மலையாளக் கரைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் படம் இரண்டு கொட்டகைகளில் நான்கு நாள் ஓடியது. பேய்ப்படம் பார்ப்பது பாவம் என்று சபையில் அறிவித்திருந்ததால் ஜெபகனி போகவில்லை. கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அதைக் கறையான் தின்றது. தின்ற விதத்தில் ஜெபகனியை மட்டும் மிச்சம் வைத்தது.

அந்த மூன்று வரியைத்தான், செல்வனைப் போகச் சொன்னதைத்தான், அவள் நாற்பத்தொரு வருடமாக ஜெபத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் 'தொலைந்த காவியம் மீட்பு' என்ற ஆன்ஸ்லினின் வாட்சப் விளம்பரம் எட்சனின் போனுக்கு வந்தபோது, அவன் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

படம் ஓடத் தொடங்கியது.

காவியத்தின் பிலிம் எங்கும் இல்லை. வளைகுடாவில் ஏதோ ஒரு வீடியோக் கடை வாடகைக்கு விட்ட கேசட்டிலிருந்து மீட்டிருந்தார்கள். அதனால் திரையின் அடியில் அந்தக் கடையின் தொலைபேசி எண் வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டே இருந்தது. நிறம் என்று ஒன்று மிச்சமிருந்தது, அது பச்சை. மனிதர், சுவர், வானம், சோறு எல்லாம் ஒரே பச்சை.

கதை எளிது. சிங்கப்பூரிலிருந்து வரப்போகும் பெரியப்பாவின் சொத்துக்காகத் தம்பி மக்கள் மூன்று பேர் பங்களாவில் காத்திருக்கிறார்கள். நள்ளிரவு என்று எழுத்துப் போட்டார்கள். எல்லாருடைய நிழலும் காலடியில் கறுகறுவென்று கிடந்தது, காக்கா கரைந்தது. வௌவால் பறந்து வந்தது. அதற்கு முன்னால் வௌவாலைக் கட்டிய நூல் வந்தது. நூலுக்கும் முன்னால் நூலைப் பிடித்திருந்த ஆளின் முழங்கை வந்தது. கடிகாரம் கட்டிய பேய், சமையற்காரனைத் துரத்தும்போது ரப்பர் செருப்பு வார் அறுந்து, நின்று, குனிந்து, வாரைச் சரிசெய்து, மறுபடி துரத்தியது. அதுவரை சமையற்காரனும் கண்ணியமாகக் காத்து நின்றான். எல்லாரும் இந்த மண்ணின் ஆட்கள். வாயைத் திறந்தால் சென்னைக் குரல்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆன்ஸ்லின் இருட்டிலும் ஒலிபெருக்கியை விடவில்லை. "அந்த முழங்கையைக் கவனியுங்கள். படைப்பாளி தன்னை மறைத்துக்கொள்ள மறுக்கிறான்."

ஜெபகனி சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

இருபதாவது நிமிடத்தில் தந்தி வந்தது. பெரியப்பா கப்பலிலேயே செத்துவிட்டாராம். பெட்டியில் வருகிறாராம்.

"இதோ," என்றார் ஆன்ஸ்லின். "தமிழ்த் திரையின் மறக்கப்பட்ட மாபெரும் காட்சி. முன்னூறு துணை நடிகர்கள். ஐயா திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் வரவழைத்தார்."

மேடை ஓரத்தில் யேசுரத்தினம் எழுந்து கைகூப்பினார்.

எட்சன் அம்மாவின் கையைப் பிடித்தான். திரையில் அவர்கள் வீட்டு முற்றம் வந்தது. பச்சை முற்றம். அன்று இருந்து இன்று இல்லாத பலா மரம். சொந்தக்காரர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்; திரையில் முற்றத்தில் நின்றபடி எல்லாரும் நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். ஸ்டூடியோப் பழக்கம். ஒருவரும் கண்ணிமைக்கவில்லை.

"எவ்வளவு மோசமான துணை நடிகர்கள்டே!" என்றது பின்வரிசை.

"லேய், அந்தச் சின்னப் பயலப் பாரு. கேமராவ முழுங்கிருவான் போல."

அந்தச் சின்னப் பயல் ஏழு வயது எட்சன். பெரிய மாமாவின் சட்டையை முழங்கை வரை மடக்கிப் போட்டிருந்தான். முகத்தில் அழுகை இல்லை. ஒரு லேசான சிரிப்புகூட இருந்தது. பிறகு ஜெபகனி பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். வேறு எவளோ சென்னையில் உட்கார்ந்து, 'ஐயோ அத்தான்' என்று அவளுக்குக் குரல் கொடுத்திருந்தாள். அழுகை ஒருமுறை நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வெளிச்சம் போய்விட்டது, இன்னொரு தடவை அழுங்கம்மா என்று அன்று கேட்டார்கள். சினிமாக் கேமராவுக்கு அப்படித்தான் போல என்று நினைத்து, அவளும் இன்னொரு தடவை அழுதாள்.

"ஓவர் ஆக்டிங்!" என்று ஒரு பெண்குரல் கூவியது. "வயித்துல தலையணை வேற கட்டியிருக்கா."

அந்தத் தலையணை இப்போது குவைத்தில் நர்சாக இருக்கிறது, பெயர் ஷெர்லி. எட்சன் திரும்பிப் பார்த்தான். நல்ல பெண்தான், இருபது வயதிருக்கும், கையில் பாப்கார்ன். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டான்.

கேமரா பெட்டியின் கால்பக்கத்திலிருந்து கிளம்பியது. வெள்ளைக் காலுறை. அதன் குறுக்கே தொலைபேசி எண் ஊர்ந்தது. பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியது தெரிந்தது. வேட்டி. உறை போட்ட கைகள், அவற்றுக்கிடையில் பூ. ஜெபகனியின் நகம் எட்சனின் உள்ளங்கையில் இறங்கியது. மேலே, மேலே, நெஞ்சுப்பூ, கழுத்து. ஒரு சின்ன வெட்டு.

முகம்.

மூடிய கண்கள். பவுடர் பூசிய, சற்று உப்பிய கன்னம். அகலமான மூக்கு. ஒட்ட வெட்டிய மீசை.

எட்சன் நாற்காலி நுனிக்கு வந்தான். அப்பா. சந்தேகமே இல்லை. இந்தக் காது, தன் காது. இத்தனை வருடம் எங்கோ அடியில் கிடந்து, இதோ மேலே வந்துவிட்டது. மறக்கவே இல்லை, தேடத்தான் தெரியவில்லை. கண் நிறைந்து திரை கலங்கியது.

"அவராக்கும்," என்றாள் ஜெபகனி. மூச்சுதான் வந்தது. "மக்களே, அவராக்கும். இந்த மூக்குதான்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கத் தொடங்கினாள். அந்த நேரத்தில், திரையில் பிணம் ஒரு கண்ணைத் திறந்து, சபையைப் பார்த்துச் சிமிட்டியது.

மண்டபம் இடிந்தது. "சிரிப்பரசு தாணு!" என்று யாரோ அந்தக் காமெடி நடிகரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். விசில் பறந்தது.

ஜெபகனி கண்ணாடியை மாட்டியபோது பெட்டியை மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். "போதும். இனி பேய் வரும். எனக்கு அது வேண்டாம்."

"அம்மா, இரு..."

"நான் கீழ சாயாக்கடைல இருக்கியேன். நீ வேணும்னா பாத்துட்டு வா."

முட்டுவலிக்காரி, கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் படியிறங்கிப் போனாள்.

எட்சன் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்தான். பெரியப்பா பேயாகி எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்தில் ஆடினார். கிணற்றில் விழுந்தார். பலாப்பழத்தில் தலை மாட்டி ஓடினார். மருமகளின் இடுப்பைக் கிள்ளினார். ஒவ்வொரு தடவையும் சபை கைதட்டியது. ஒவ்வொரு தடவையும், பெட்டிக்குள் பார்த்து 'அப்பா' என்று தன் உடம்பு முழுக்க அறிந்துகொண்ட முகம், பல்லைக் காட்டியது. எங்கேயாவது, வெட்ட மறந்த ஒரு துண்டில், உண்மையான ஆள் ஒரு கணம் வந்துவிட மாட்டாரா என்று ஒன்றரை மணி நேரம் இமைக்காமல் இருந்தான். வரவில்லை. அந்தப் படத்தை அவ்வளவு சிரத்தையாகப் பார்த்த மனிதர் உலகத்திலேயே வேறு எவரும் இருக்க முடியாது. ஆன்ஸ்லின்கூடப் பாதியில் தூங்கிவிட்டிருந்தார்.

படம் முடிந்து வடை கொடுத்தார்கள். யேசுரத்தினம் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, பல் இல்லாத பக்கத்தைத் தவிர்த்து மென்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நான் ஞானாபரணத்துக்க மகன்."

"எந்த ஞானாபரணம்?"

"ஓங்க படத்துல பெட்டிக்குள்ள கெடந்தவரு."

"அது நம்ம தாணுல்லா?"

"தாணுக்கு முன்ன கெடந்தவரு."

கிழவர் மெல்வதை நிறுத்தினார். எட்சனின் முகத்தைப் பார்த்தார். "மரத்துலேருந்து விழுந்த ஆளு."

"ஆமா."

"கேஸா போடப் போற?"

"இல்ல ஐயா. அப்பாக்க மொகம் ஒரு எடத்துலயும் இல்ல. நீங்க எடுத்தியளான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எடுத்தேன் டே. எடுக்காம என்ன? கிட்டப் போயி நல்லா எடுத்தேன்." அவருக்கு உற்சாகம் வந்தது, படத்தைப் பற்றி முதல்தடவையாக ஒருவன் கேட்க வேண்டியதைக் கேட்கிறான். "பின்ன விநியோகஸ்தருக்குப் போட்டுக் காட்டுனேன். அந்தாளு பாத்துட்டு, இது வேண்டாம், பொணம் சரியா நடிக்கலன்னுட்டாரு."

"என்ன?"

"சத்தியமாக்கும். ஒறங்குற மாதிரி சும்மா கெடக்கு, இதப் பாத்தா எவன் சிரிப்பான், பாவமாட்டுல்லா இருக்குன்னாரு. அந்தாளுக்க பணம்தான் பாக்கிப் படத்துக்கு. நான் என்ன செய்ய? தாணுவ அதே மாதிரி உடுப்புப் போட்டுப் படுக்க வச்சேன். அவன் நல்லா செய்தான்."

"அந்த வெட்டுன துண்டு?"

"எடிட்டிங் ரூம்ல தரையில கெடந்திருக்கும். மறுநாளு தூத்துக்காரி வாரிட்டுப் போயிருப்பா."

எட்சன் அவர் பக்கம் குனிந்தான். "எப்படி இருந்தாரு?" என்றான். "மொகம். ஓங்களுக்கு ஓர்ம உண்டா?"

யேசுரத்தினம் கண்ணை மூடினார். உண்மையாகவே முயன்றார், நெற்றி சுருங்கியது. "நல்ல அமைதியான மொகம்... மூக்கு கொஞ்சம் அகலம். மீச ஒட்ட வெட்டியிருக்கும். கன்னம்..." நிறுத்திக் கண் திறந்தார். "சவம், நான் தாணுவயில்லா சொல்லுகேன்."

அப்போது விழித்தெழுந்து வந்த ஆன்ஸ்லின் எட்சனின் தோளில் கைவைத்தார். "நீங்கள் தனியாக உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். இந்தப் படத்தின் ஆதாரமான சோகத்தைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுங்களேன்."

"எனக்கு இந்தப் படத்துக்க காப்பி வேணும் சார்," என்றான் எட்சன். ஏன் கேட்டான் என்று அவனுக்கே அப்போது தெரியவில்லை.

கீழே ஜெபகனி சாயா குடித்துப் பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் கூடாது என்று மருத்துவர் சொன்னது அவளுக்குத் தெரியும். அவள் இப்படித் தின்று அவன் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

"அம்மா, அந்த மொகம்..."

"கொள்ளாம், நல்லா இருக்கு மக்களே." அவள் அவன் கையைத் தட்டினாள். "இனி எனக்குப் பயம் இல்ல. எத்தன லட்சம் பேரு வெள்ளையும் உடுத்திட்டு நின்னாலும் நான் கண்டுபிடிச்சுருவேன். நேரா போயி முன்ன நிப்பேன்."

தாணு நாகர்கோவில் பக்கத்துக்காரர், திருநீறு பூசுகிற சைவர். ஜெபகனியின் சபைக் கணக்குப்படி பரலோகத்துக்கு அவர் வரவே வழியில்லை. அவள் லட்சம் முகங்களுக்கிடையில் இல்லாத ஒரு முகத்தைத் தேடி நடப்பாள். பக்கத்திலேயே இடது கையை ஊன்றி ஒருவர் எழுந்து நிற்பார். அவள் அவரைத் தாண்டிப் போவாள்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால், மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டில், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத மனிதர்.

"ஆட்டோ பிடிக்கியேன்," என்றான்.

"அத ஒரு போட்டோவா எடுத்துத் தருவியா? பெருசா. கண்ணாடி போட்டு."

மார்த்தாண்டத்தில் ஜினோவின் ஸ்டூடியோவில் கணினி முன்னால் உட்கார்ந்து, கண் திறப்பதற்கு முந்தைய நொடியைத் தேடினார்கள். அது அவ்வளவு எளிதாக இல்லை. தாணு கெட்டிக்கார நடிகர்; கண்ணைத் திறப்பதற்கு முன்பே உதட்டோரத்தில் சிரிப்பைத் தொடங்கிவிடுவார். சிரிப்பும் இல்லாமல் கண்ணும் திறக்காமல் மொத்தமே ஒன்றரை நொடிதான் செத்திருந்தார்.

"இதா அண்ணே, இதுல நல்ல சாந்தமா இருக்காரு," என்றான் ஜினோ. தொலைபேசி எண்ணை அழித்தான். பச்சையை எடுத்தான். "கண்ணத் தொறந்த மாதிரி ஆக்கித் தரவா? இப்பம் அதுக்கெல்லாம் ஆப் உண்டு."

"வேண்டாம்!" என்று எட்சன் போட்ட சத்தத்தில் வெளியே பாஸ்போர்ட் படத்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"செரி, கோட்டு போடட்டா?"

"ஒண்ணும் போடாண்டாம். சும்மா இருக்கட்டு."

படம் முன்னறையில் ஏறியது. ஜெபகனி காலையும் மாலையும் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், பாடம் படிக்கிறவளைப் போல. எட்சனின் மனைவி ஷைஜா, "மாமாக்கு நல்ல களையான மொகம். ஒங்களுக்குத்தான் கிட்டல," என்றாள். போதகர் வந்து படத்தின் கீழே நின்று நீண்ட ஜெபம் செய்தார். வாழ்நாளெல்லாம் ஏழையாக, ஆனால் முகத்தில் பரிசுத்தத்தின் ஒளி குறையாமல் வாழ்ந்த இந்த அடியானுக்காக நன்றி செலுத்தினார். எட்சன் தலையைக் குனிந்து, ஆமென் சொன்னான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், குவைத்திலிருந்து ஷெர்லி வீடியோவில் அழைத்தாள். இரவு ஷிப்ட் முடிந்து நர்ஸ் உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவள். எட்சன் போனைப் படத்துக்கு நேராகப் பிடித்தான்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் கிட்டக் கொண்டு போ அண்ணா."

கொண்டு போனான்.

"எல்லாரும் நான் யார மாதிரியும் இல்லன்னு சொல்லுவாவ. கெட்டிக் கொடுத்த வீட்டுலயும் கேட்டாவ, நீ யாருக்க சாயல்னு. எனக்குச் சொல்லத் தெரியல." அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி, விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "பாரு. இது அப்பாக்க மூக்குதானே?"

எட்சன் பார்த்தான். அகலமான மூக்குதான்.

"அம்மைக்கு எதுவும் ஓர்ம இல்ல. நீ ஒருத்தன்தான் கண்ணால கண்டவன். சொல்லு அண்ணா."

பின்னால் நாற்காலியில் இருந்த ஜெபகனியும் பதிலுக்காக அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாட்டி," என்றான் எட்சன். "அப்படியே உரிச்சு வச்சிருக்கு."